முதலில் கூடு, அப்புறம்தான் குவாரி

டங்ஸ்டன் சுரங்கத்திலிருந்து மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி தப்பித்துவிட்டது. ஆனால் மதுரையைச் சுற்றிக் கல்குவாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதே பாறைகளில் வல்லூறுகள் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியுமா? முடியுமென்றால், எந்த நிபந்தனையில்?

2025 ஜனவரி 7. நரசிங்கம்பட்டியில் திரண்ட கூட்டம் ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி தாண்டி, கே.கே. நகரை ஒட்டிய மேலூர் சாலையில் மதுரை நகருக்குள் வந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம். நடந்து வந்தவர்களும் டிராக்டரிலும் வேனிலும் வந்தவர்களுமாகச் சாலை முழுக்க மேலூர் வட்டாரத்துச் சனம். விவசாயிகள், வியாபாரிகள், கைப்பிள்ளையோடு வந்த பெண்கள், வயதானவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். கட்சிக் கொடி இல்லாமல் ஊர் ஊராக அவர்களைச் சேர்த்தது ஒரே கோரிக்கைதான்: டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 நவம்பர் 7 அன்று, 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி'க்கான ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்திருந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது சுமார் 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, அ.வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம் ஆகிய ஊர்களின் நிலங்கள் அந்த எல்லைக்குள் வந்தன. நவம்பர் 23 அன்று நடந்த கிராமசபைக் கூட்டங்களில் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 24 அன்று, தொகுதிக்குள் இருந்த அரிட்டாபட்டிப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் அமைச்சகம் கேட்டது. அதற்கு மேலூர் சொன்ன பதில்தான் ஜனவரி 7 பேரணி. ஜனவரி 23 அன்று ஏலம் மொத்தமாக ரத்தானது. பேரணிக்காக ஆயிரக்கணக்கானோர் மீது போட்ட வழக்குகளும் பிறகு திரும்பப் பெறப்பட்டன.

மக்கள் ஜெயித்த கதையாக இது எழுதப்பட்டுவிட்டது, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த ஏலம் ஏன் அவ்வளவு தூரம் வந்தது என்பதைப் பேசி முடிக்கவில்லை. ஒரு மலையில் என்னென்ன வாழ்கின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகு ஏலம் விடுவது ஒரு முறை. ஏலம் விட்டுவிட்டு, அப்புறம் எண்ணிப் பார்ப்பது இன்னொரு முறை. நம் நாட்டில் நடப்பது இரண்டாவது. இந்த வரிசை மாறாத வரை, அரிட்டாபட்டி தப்பித்த மாதிரி எல்லா மலையும் தப்பிக்கும் என்று நம்ப முடியாது.

ஏழு குன்றுகளின் ஊர்

கே.கே. நகர் மொட்டைமாடியிலிருந்து வடகிழக்கே பார்த்தால் யானைமலை தெரியும். அந்தத் திசையிலேயே மேலூர் பக்கம் போனால் பெருமாள்மலை, அதற்கு அப்பால் அரிட்டாபட்டி. கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயி மலை என்று தொடர்ச்சியாக ஏழு குன்றுகள். மரம் அடர்ந்த காடு எதுவும் இங்கே இல்லை. வெறும் பாறை, பாறையிடுக்கில் செடி, அடிவாரத்தில் புதர், அதை ஒட்டிக் கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல்.

2022 நவம்பர் 22 அன்று தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் தலம் இதுதான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களில் சேர்த்து 193.215 ஹெக்டேர். சுமார் 250 பறவை இனங்கள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. கூடவே 2,200 ஆண்டுப் பழமை கொண்ட தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். மனிதன் இங்கே எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து மனிதனும் காட்டுயிரும் சேர்ந்தே இருந்த மலை இது.

அந்த அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டு முடியும் முன்பே அதே மலை ஏலப் பட்டியலில் இருந்தது. அறிவித்தது மாநில அரசு. ஏலம் விட்டது மத்திய அரசு. 2023-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசிடமே கொடுத்துவிட்டது.

விளிம்பில் ஒரு குடும்பம்

அரிட்டாபட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை மூன்று வேட்டைப் பறவைகள்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு. மூன்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது அரிது.

ஷாஹீன் வல்லூறு கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையில் மழை படாத ஒரு விளிம்பைத் தேர்ந்தெடுத்து, அங்கே கிடக்கும் மண்ணையும் பொடிக்கல்லையும் நெஞ்சாலும் காலாலும் ஒதுக்கிச் சிறு குழி பறித்து, அதில் மூன்று அல்லது நான்கு முட்டை இடும். கீழே நின்று பார்த்தால் பறவை கண்ணுக்குத் தெரியாது. பாறையில் விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடு தெரியும். எச்சம் வழிந்த தடம் அது. பறவை பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். மார்கழி வாக்கில் தொடங்கிச் சித்திரை வரை இனப்பெருக்கக் காலம். முட்டையை அடைகாக்க ஒரு மாதத்துக்கு மேல். குஞ்சு பொரித்த பிறகு அது பறக்கும் வரை இன்னொரு மாதத்துக்கு மேல். முட்டையும் சிறு குஞ்சும் இருக்கும் நாட்களில் தாயோ தகப்பனோ அந்த விளிம்பை விட்டு நெடுநேரம் விலகக் கூடாது. மாசி, பங்குனி வெயிலில் பாறை எப்படிக் கொதிக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயிர்த்தூவி மட்டும் உள்ள குஞ்சுக்குத் தாயின் இறக்கைதான் நிழல். பக்கத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டுத் தாய் எழுந்து போய், திரும்பி வரத் தயங்கினால், அந்தக் குஞ்சைக் கொல்ல வெயிலே போதும்.

லகர் வல்லூறின் தேவை வேறு. அது பெரும்பாலும் திறந்த வெளியில், புன்செய்க் காட்டில், தரிசில் இரை தேடும் பறவை. உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் இனம். மலையை மட்டும் காப்பாற்றிவிட்டு, அடிவாரத்துத் தரிசையெல்லாம் பிளாட்டாகவும் கிரசராகவும் மாற்றிவிட்டால், அந்தப் பறவைக்கு வீடு இருக்கும், சோறு இருக்காது.

இரவில் நடமாடுபவை

பகலில் பார்க்க முடியாத குடிகளும் இங்கே உண்டு. தேவாங்கு குரங்கைப் போலத் தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கிளையை எட்டிப் பிடித்து, நிதானமாகத்தான் நகரும். வேலி மரங்களும் புதர்களும் கிளைக்குக் கிளை கோத்து நின்றால்தான் அதற்கு வழி. டிப்பர் லாரிக்காக முப்பது அடி அகலத்தில் ஒரு பாதை போட்டால் போதும், அந்தப் பக்கத்துத் தேவாங்கும் இந்தப் பக்கத்துத் தேவாங்கும் பிரிந்துவிடும். இறங்கித் தரையில் கடக்கத் துணிந்தால் நாய்க்கோ லாரிக்கோ இரையாகும். இந்த உயிருக்காகவே 2022 அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம். அந்த அக்கறைக்குரிய அதே இனம்தான் மேலூர் வேலியோரத்திலும் வாழ்கிறது.

அழுங்கு என்கிற எறும்புத்தின்னி இன்னும் பாவப்பட்டது. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. ஆபத்து வந்தால் ஓடாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையிடமிருந்து தப்பிக்க அது போதும். பத்துச் சக்கர லாரிக்கு முன்னால் அது செல்லாது. அதற்கு வேண்டிய கறையான் புற்றும் எறும்புப் புற்றும் மலை உச்சியில் இல்லை. குவாரிக்காரர் மேல்மண் என்று ஒதுக்கித் தள்ளும் அடிவாரத்தில்தான் இருக்கின்றன.

குவாரி எங்கெல்லாம் தொடுகிறது?

குவாரி என்றதும் பள்ளம்தான் நினைவுக்கு வரும். காட்டுயிரின் கணக்கில் பள்ளம் ஒரு பகுதி மட்டும்தான். ஜல்லிக் குவாரியில் துளை போட்டு வெடி வைக்கிறார்கள். சத்தம் காற்றிலும் அதிர்வு பாறையிலும் போகிறது. கிரசரிலிருந்து பறக்கும் வெள்ளைத் துகள் இலைகளில் படிகிறது. இலையைத் தின்னும் பூச்சி குறைகிறது, பூச்சியைத் தின்னும் பறவை இடம் மாறுகிறது. பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது ஊறும் தண்ணீரை இராப்பகலாக மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறும் சுனையும் வற்றுகின்றன. கழிவுக்கல்லை ஓடையில் கொட்டினால் கண்மாய்க்கு வரத்து நிற்கிறது. இரவெல்லாம் எரியும் ஃபோகஸ் விளக்கு, இருட்டை நம்பி வாழும் உயிர்களின் வேட்டை நேரத்தைப் பறிக்கிறது.

இதே வட்டாரத்துக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. 1977-ல் சரணாலயமான வேட்டங்குடியின் கண்மாய் ஊர். வலசை வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளின் பண்டிகை ஆசையைக்கூட விட்டுக்கொடுத்த ஊர் அது. வெடிச் சத்தம் கூட்டுக்கு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை.

மேலூர் பட்ட அனுபவமும் கண்முன்னே இருக்கிறது. 2012 மே மாதம் மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது; 2015-ல் அவர் அறிக்கை கொடுத்தார். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் போனால், குன்று இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் ஆழமான பள்ளங்களைப் பார்க்கலாம். கணக்கில் வந்தது கல்லின் விலை மட்டும்தான். அந்தக் குன்றுகளில் எத்தனை வல்லூறு முட்டையிட்டது, எத்தனை தேவாங்கு வாழ்ந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணாததற்கு நஷ்டஈடும் கேட்க முடியாது.

நம் வீட்டுக்கு வந்த கல்

இந்த இடத்தில் நகரத்தில் இருக்கும் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். கே.கே. நகரின் அடுக்குமாடிகளும் அண்ணா நகரின் கான்கிரீட் சாலைகளும் ஜல்லி இல்லாமல் எழவில்லை. ஆற்று மணல் அள்ளக் கூடாது என்று நாமே கேட்டோம். அதன் இடத்துக்கு வந்த எம்-சாண்ட் பாறையை உடைத்துத்தான் வருகிறது. சமையல் மேடையின் பளபளப்புக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. டங்ஸ்டனும் வீண் பொருள் இல்லை. 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும் உலோகம்; வெட்டும் கருவி முனைகளுக்கு வேண்டும். கிரானைட்டைத் துளைக்கும் துரப்பணத்தின் நுனியே டங்ஸ்டன் கார்பைடுதான். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில் இருப்பதால் இந்தியா கவலைப்படுவதிலும் நியாயம் உண்டு.

ஆகவே எல்லாக் குவாரியையும் இழுத்து மூடு என்று சொல்வது சுலபம். அதில் உண்மை பாதிதான். இயங்கும் குவாரிகளுக்குப் பக்கத்தில் காட்டுயிரை எப்படிக் காப்பது என்பதுதான் நம் முன்னால் உள்ள கேள்வி.

சேர்ந்திருந்த இடங்களும் சேர முடியாத இடங்களும்

பிரிட்டனில் ஷாஹீனின் உறவுக்காரப் பறவையான பொரி வல்லூறு, இயங்கும் கல்குவாரிகளிலேயே குஞ்சு பொரிக்கிறது. கூடு இருக்கும் பாறை முகத்தை அந்தப் பருவத்தில் தொடாமல் விட்டு, வேறு பக்கம் வேலை பார்க்கிறார்கள். கூட்டைத் தொந்தரவு செய்வது 1981-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம். நம் நாட்டிலும் கைவிடப்பட்ட குவாரிச் சுவர்களில் கொம்பன் ஆந்தை முட்டையிடுகிறது. ஆக, சேர்ந்திருக்க முடியும். ஆனால் அந்த உதாரணத்தை அப்படியே மேலூருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பல இடங்களில் பாறை முகமே இல்லாத நிலத்தில் குவாரி ஒரு பாறை முகத்தை உண்டாக்கியது. இங்கே சமவெளிக்கு நடுவில் இருக்கும் ஒரே பாறை முகத்தைக் குவாரி தின்கிறது.

சில இடங்களில் சுரங்கம் வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கர்நாடகத்தின் குதிரேமுகத்தில், தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் இரும்புத்தாது வெட்டுவது தொடர்ந்தது. மழைக்காலத்தில் சுரங்க மண் பத்ரா ஆற்றில் இறங்கியது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005 கடைசியில் சுரங்கம் நின்றது. அசாமின் காசிரங்கா பூங்காவை ஒட்டியும் கர்பி ஆங்லாங் மலைப்பக்கத்திலும் சுரங்கம் கூடாது, வெள்ளக் காலத்தில் விலங்குகள் மேட்டுக்கு ஏறும் வழிகளில் புதிய கட்டுமானம் கூடாது என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பூங்காவின் எல்லைக் கோட்டோடு நிற்காமல், விலங்கு நடக்கும் வழியையும் பார்த்த உத்தரவு அது.

சட்டத்தில் உள்ள ஓட்டை

2023 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குள்ளும் அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அரிட்டாபட்டி அந்த இரண்டிலும் சேராது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-வது பிரிவில் வரும் அறிவிப்பு. ஊர் மக்களின் புழக்கத்தைத் தடுக்காமல் பாதுகாப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதைச் சுற்றிச் சுரங்கத்துக்குத் தடை வளையம் கிடையாது. 2,015 ஹெக்டேரில் 193 ஹெக்டேரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தோண்டலாமா என்ற யோசனை 2024 டிசம்பரில் எழ முடிந்தது இதனால்தான்.

மாநில அரசின் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. காப்புக்காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் விதி கொண்டுவந்தது தமிழ்நாடு அரசுதான். 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக்காடுகளை நீக்கியதும் அதே அரசுதான். மத்திய அரசோ, 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உண்டு. அடுத்த முறை வேறொரு மலை ஏலத்துக்கு வந்தால், அந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று பேச மேடை இருக்காது.

இருக்கும் சட்டத்தையே ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் எவ்வளவோ செய்யலாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். முதல் அட்டவணையில் உள்ள பறவை அடைகாக்கும் பாறைக்குப் பக்கத்தில் வெடி வைப்பதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியது வனத்துறையின் கடமை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கனிமத் தொகுதியின் எல்லை வரையும் முன்பே உயிர்க் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும். அதுவும் இரண்டு நாள் பகலில் நடந்து பார்த்து எழுதும் அறிக்கையாக இருக்கக் கூடாது. மார்கழி முதல் சித்திரை வரை பாறை முகங்களைப் பார்க்க வேண்டும். தேவாங்குக்கும் அழுங்குக்கும் இரவில் பார்க்க வேண்டும். வலசைப் பறவைக்குக் கண்மாய் நிறைந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இப்போது உரிமத்தோடு இயங்கும் குவாரிகளுக்கு அருகே கூடு இருந்தால், அந்தப் பருவம் முடியும் வரை அந்தப் பக்கம் வெடிக்குத் தடை. இரவு விளக்குக்கும் லாரி ஓட்டத்துக்கும் நேரக் கட்டுப்பாடு. ஓடையில் கழிவுக்கல் கொட்டினால் உரிமம் ரத்து. அட்டவணை உயிர்கள் இருக்கும் இடத்தில் சுரங்கக்காரர் கொடுக்க வேண்டிய காட்டுயிர்ப் பாதுகாப்புத் திட்டம் கோப்பில் தூங்காமல், அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவது, பல்லுயிர்த் தலங்களுக்கும் சட்டப்படி ஒரு கிலோமீட்டர் தடை வளையம். அரிட்டாபட்டியிலிருந்து பெருமாள்மலை வரைக்கும், அங்கிருந்து யானைமலை வரைக்கும், குன்றுகளுக்கு இடையே உள்ள தரிசும் கண்மாயும் வேலியும் ஒரே தொடராகப் பார்க்கப்பட வேண்டும். யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்து நிறுத்திய வரலாறு மதுரைக்கு உண்டு; எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணனின் பசுமை நடை அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. அந்த விழிப்பு ஒரு மலையோடு நின்றுவிடக் கூடாது.

நான்காவது, மூடிய குவாரிகள். பிள்ளைகள் விழுந்து சாகும் பள்ளங்களாக அவற்றை விட்டுவைக்கக் கூடாது. வேலி போட வேண்டும். ஒரு பக்கக் கரையைச் சரித்து நாட்டு மரம் நட வேண்டும். செங்குத்துச் சுவரில் ஒரு பகுதியை ஆந்தைக்கும் வல்லூறுக்கும் அப்படியே விட வேண்டும். குவாரிகளிடமிருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வரும் பணத்தில் இதற்கென ஒரு பங்கு ஒதுக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது: சில மலைகளில் எந்த நிபந்தனையோடும் சுரங்கம் கூடாது. அந்தப் பாறைதான் அந்த உயிரின் வீடு, அந்தச் சரிவுதான் அந்தக் கண்மாயின் தாய் என்னும்போது, அங்கே சமரசத்துக்கு இடமில்லை. அரிட்டாபட்டி அப்படிப்பட்ட மலை.

பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும், மாநகராட்சியிலும், பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் காலையில் நடக்கும் கே.கே. நகர்வாசிக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் மாநகராட்சியின் பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் பார்த்த பறவையை அதில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போங்கள். பாறையில் அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டுங்கள். எழுதி வைக்காத உயிரை ஏலம் விடுவது எளிது. ஆகவே எழுதி வையுங்கள்.